செட்டில் ஆயிட்டியா?

போன தடவை ஜி.எஸ்.டி. பத்தி எழுதி நாலு பேரைத் தூங்க வச்சேன். இந்தத் தடவை இங்கிலீஷ் கிளாஸ். ஓடாதீங்க, கிராமர் எல்லாம் கிடையாது. ஒரே ஒரு வினைச்சொல்தான்: செட்டில்.

பி.காம். படிக்கிறவங்களுக்கு இந்த வார்த்தை தினச்சோறு. கணக்கை செட்டில் பண்ணு, கிளெய்மை செட்டில் பண்ணு. ஒரு பார்ட்னர்ஷிப் கலைஞ்சா யாருக்கு முதல்ல பணம் போகணும்னு 1932-ஆம் வருஷ பார்ட்னர்ஷிப் சட்டத்துல 48-வது பிரிவு இருக்கு. வெளிக் கடன் முதல்ல, அப்புறம் பார்ட்னர் கொடுத்த கடன், அப்புறம் முதல், மிச்சம் இருந்தா லாப விகிதத்துல. இதுக்குப் பேரும் செட்டில்மென்ட்தான். ஷேர் மார்க்கெட்ல ஒரு பங்கை வித்தா பணம் எப்ப கைக்கு வரும்ங்கிறதும் அதுதான். 2023 ஜனவரி 27-லேருந்து நம்ம நாட்டுல எல்லாப் பங்குக்கும் டி+1, அதாவது அடுத்த வேலை நாளே கணக்கு முடிஞ்சிரும்.

கல்யாண வீட்டுக்குப் போனா அங்கேயும் இதே வார்த்தை. என் பெரியப்பா பையனுக்கு என்னை விட ஒரு வயசு கூட. அவன்கிட்ட வர்ற சொந்தக்காரங்க, "எப்பப்பா செட்டில் ஆகப்போறே?"ன்னு கேட்பாங்க. என் பக்கம் திரும்பினா என்கிட்ட கேட்க மாட்டாங்க. எங்கப்பாகிட்ட கேட்பாங்க: "பாப்பாவை எப்ப செட்டில் பண்ணப்போறீங்க?"

கவனிச்சீங்களா? அவன் செட்டில் ஆவான். என்னை செட்டில் பண்ணுவாங்க. அவனுக்குன்னா வேலை, எனக்குன்னா மாப்பிள்ளை. இங்கிலீஷ்ல இந்த ரெண்டுக்கும் ஒரே வினைதான், நாமதான் அதுக்குப் பின்னால 'ஆகு', 'பண்ணு'ன்னு வால் ஒட்டிப் பிரிச்சு வச்சிருக்கோம். ஒரு நாள் கடுப்புல அகராதியை எடுத்தேன். அப்படி ஆரம்பிச்சதுதான் இது.

முதல்ல தமிழ்ல இதுக்கு என்ன வார்த்தைன்னு பார்க்கலாம்னு உட்கார்ந்தேன். ஒண்ணு கிடைக்கலை, ஒரு கூட்டமே கிடைச்சது. தூசு படியும். கலங்கின தண்ணி தெளியும். கடன் அடையும். வழக்கு தீரும். சண்டை ஓயும். மண் இறங்கும். மனசு அடங்கும். குடி அமரும். நம்ம ஆளுங்க ஒவ்வொரு விஷயத்துக்கும் தனித்தனியா வினை வச்சிருக்காங்க, வெள்ளைக்காரன் எல்லாத்தையும் ஒரே டப்பாவுல போட்டு மூடிட்டான்.

அந்த டப்பாவோட அடியில இருக்கிறது ஒரு நாற்காலி. நிஜமாதான். பழைய ஆங்கிலத்துல 'செட்ல்'னா ஆசனம், உட்கார்ற இடம். அதுலேருந்து 'செட்லன்', ஒருத்தரை உட்கார வைக்கிறது, ஒரு பொருளை இடத்துல வைக்கிறது. முதுகு சாய உயரமான பலகை வச்ச நீளமான மர பெஞ்சுக்கு இன்னமும் இங்கிலீஷ்ல 'செட்டில்'னுதான் பேர். சூரியன் மறையற நேரத்துக்கு அந்தக் காலத்துல 'செட்ல்காங்'னு ஒரு வார்த்தை இருந்திருக்கு. சூரியன் தன் ஆசனத்துக்குப் போற நேரம். இந்த ஒரு வார்த்தைக்காகவே அகராதி வாங்கினது வீண் போகலைன்னு நினைச்சேன்.

இதோட சொந்தக்காரங்க நிறையப் பேர். 'சிட்' கூடப் பிறந்தது. லத்தீன் பக்கம் போனா செஷன், செடிமென்ட், பிரசிடென்ட், ரெசிடென்ஸ். வரி போடற 'அசெஸ்' கூட இதே குடும்பம்தான், பக்கத்துல உட்கார்றதுன்னு அர்த்தம். நீதிபதிக்குப் பக்கத்துல உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்தான் அசெஸர். வட இந்தியப் பக்கம் வந்தா சமஸ்கிருத 'ஸத்', உட்கார். சதஸ், சதன் (டெல்லியில மகாராஷ்டிரா சதன் இருக்கே, அந்த சதன்), குருவுக்குக் கிட்ட உட்கார்ற உபநிஷத்... எல்லாருக்கும் பாட்டி ஒரே உட்கார்றதுதான்.

இன்னொரு விஷயம் இருக்கு. சண்டையை செட்டில் பண்றதுங்கிற அர்த்தம் முழுக்க முழுக்க இந்த நாற்காலியிலேருந்து வரலைன்னு சொல்றாங்க. பழைய ஆங்கிலத்துல 'சஹ்ட்லியன்'னு வேற ஒரு வினை இருந்தது, சமாதானம் பண்ணி வைக்கிறதுன்னு அர்த்தம். 'சஹ்ட்'னா சமாதானம், வைக்கிங்குகள் கொண்டு வந்த வார்த்தை. ஒலி கிட்டத்தட்ட ஒண்ணா இருந்ததால காலப்போக்குல ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலந்துருச்சு. ஆக இன்னைக்கு நாம சொல்ற செட்டிலுக்குள்ள ரெண்டு ஆள் குடியிருக்காங்க. ஒருத்தர் இடம், இன்னொருத்தர் சமாதானம்.

இடம் கிடைச்சா சமாதானமும் கூடவே வந்துரும்னு அந்த வார்த்தை சொல்லுது போல. எங்க வீட்டுல விசாரிச்சா வேற கதை வருது.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் சரித்திரம். 1600-களுக்கு அப்புறம் இந்த வார்த்தை கப்பல் ஏறிருச்சு. வேற நாட்டுல போய் உட்கார்ந்தவன் செட்லர், உட்கார்ந்த இடம் செட்டில்மென்ட். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூணையும் சேர்த்து 1826-ல ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்னு பேர் வச்சாங்க. வங்காளத்துல ஜமீன்தார்களுக்கு வரியை நிரந்தரமா முடிவு பண்ணினது 1793-ஆம் வருஷ பெர்மனென்ட் செட்டில்மென்ட். எங்க மலைக்கு வந்தா, கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் 1822-ல ஊட்டியில ஸ்டோன்ஹவுஸ் கட்ட ஆரம்பிச்சார். தோடரும் கோத்தரும் படகரும் குறும்பரும் இருளரும் ஏற்கெனவே இருந்த மலைதான். ஆனாலும் 'செட்டில்' ஆனது சல்லிவன்னுதான் புத்தகத்துல இருக்கும்.

அதே சமயத்துல, 1820-களின் தொடக்கத்துல, கடலுக்கு அந்தப் பக்கம் சிலோன்ல காபித் தோட்டம் ஆரம்பிக்குது. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கத்துலேருந்து பஞ்சம் பிழைக்க ஜனங்க கண்டிச்சீமைக்கு நடந்தாங்க. காபி நோய் வந்து அழிஞ்சப்புறம் தேயிலை வந்துச்சு. மலையகத் தமிழர்னு இன்னைக்குச் சொல்றது இவங்களைத்தான். அந்த ஜனங்களை யாரும் செட்லர்னு சொன்னதில்லை. கூலின்னாங்க. தோட்டத்தைக் கட்டின துரை செட்லர், தோட்டத்தை உண்டாக்கினவன் கூலி. அகராதியில இந்த வித்தியாசத்தைப் போட மாட்டாங்க.

1931-ல சிலோன்ல எல்லாருக்கும் ஓட்டு கொடுத்தாங்க. இவங்களுக்குக் கொடுக்கிறதான்னு பெரிய தகராறு. அப்ப இவங்க ஓட்டு வாங்கறதுக்கு இருந்த வழிகள்ல ஒண்ணு, 'நிரந்தரமா செட்டில் ஆனதுக்கான சான்றிதழ்'. அஞ்சு வருஷம் அங்க இருந்திருக்கணும், அங்கேயே தங்கற எண்ணம் இருக்கணும். செட்டில் ஆயிட்டேன்னு காகிதத்துல காட்டணும்! அப்பவே மூணு தலைமுறை அங்க பிறந்து அங்கேயே செத்துருந்தது. அதுவும் போச்சு. 1948-ல சுதந்திரம் வந்த கையோட வந்த குடியுரிமைச் சட்டம் இவங்கள்ல பெரும்பாலானவங்களை எந்த நாட்டுக்கும் சொந்தம் இல்லாதவங்களா ஆக்கிருச்சு.

அப்புறம் 1964 அக்டோபர் 30. சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. சிலோனுக்கு 3,00,000. கூட்டிப் பாருங்க, 1,50,000 இடிக்குது. அவங்களைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்னு விட்டுட்டாங்க. எங்க அக்கவுண்ட்ஸ்ல டிரையல் பேலன்ஸ் டாலி ஆகலைன்னா மிச்சத் தொகையைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போடுவோம். ஒன்றரை லட்சம் மனுஷங்களை அதுலதான் போட்டு வச்சாங்க, பத்து வருஷம். 1974-ல இந்திரா காந்தி காலத்துல ஆளுக்கு 75,000-னு பாதிப் பாதி பிரிச்சு என்ட்ரியை முடிச்சாங்க. இந்தக் கணக்கை நான் கரும்பலகையில போட்டா, எங்க கிளாஸ்ல யாரும் ஒரு தப்பும் சொல்ல மாட்டாங்க. அவ்வளவு சுத்தமா செட்டில் ஆன கணக்கு.

அந்த 5,25,000-ல ஒரு ஆள் எங்க அப்பாயி. ஹட்டன் பக்கத்துல ஒரு தோட்டத்து லயத்துல பிறந்தவங்க. 1972-ல வந்தாங்க, அப்ப அவங்களுக்கு 21 வயசு, இப்ப எனக்கு ஆகிற வயசு. தலைமன்னார்லேருந்து கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப், கையில ஒரு ஃபேமிலி கார்டு. அதுவரைக்கும் பார்த்தே இராத நாட்டுக்கு வந்ததுக்கு அரசாங்கம் வச்ச பேர் 'தாயகம் திரும்பியோர்'. வந்தவங்களுக்குத் தோட்ட வேலை, மில் வேலை, வியாபாரக் கடன்னு பிரிச்சு அனுப்பினாங்க. இவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல அரசாங்கத் தேயிலைத் திட்டமே ஆரம்பிச்சது, 1976-லேருந்து அதுதான் டேன்டீ கார்ப்பரேஷன். கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் எல்லாம் அந்தத் தோட்டங்கள்.

தாத்தாவும் அப்பாயியும் ரெண்டு இடம் சுத்திட்டு எமரால்டுக்கு வந்து சேர்ந்தது 1974-ல. காரணம் பெருசா ஒண்ணும் இல்லை. ஹட்டன்ல பக்கத்து லயத்துல இருந்தவங்க இங்க முன்னாடியே வந்துட்டாங்க, அவ்வளவுதான். கொழும்புத் திட்டத்துல கனடாக்காரங்க உதவியோட கட்டின குந்தா மின் திட்டத்து அணை இங்க இருக்கு, எமரால்டும் அவலாஞ்சியும் பக்கத்துப் பக்கத்து நீர்த்தேக்கம். சுத்தியும் கேரட்டு, உருளைக்கிழங்கு, தேயிலை. தோட்டக்காட்டு வேலை தெரிஞ்சவங்களுக்குக் கூலிக்குக் குறைவில்லை.

இந்த வார்த்தை ஆராய்ச்சியில நான் இருந்தப்ப அப்பாயிகிட்ட சும்மா கேட்டேன், "நீங்க எப்ப அப்பாயி எமரால்டுல செட்டில் ஆனீங்க?"

பீன்ஸ் நாரை உரிச்சுக்கிட்டே சொன்னாங்க: "நாங்க எங்க பாப்பா செட்டில் ஆனோம்? அங்க ஒருத்தன் கொண்டு போயி உக்கார வச்சான். இங்க ஒருத்தன் கொண்டாந்து உக்கார வச்சான்."

அப்பாயி ஸ்கூல் படிச்சது தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல அஞ்சாவது வரைக்கும். அகராதி பழைய ஆங்கிலத்துலேருந்து தோண்டி எடுத்த அர்த்தத்தை அவங்க அப்படியே சொல்லிட்டாங்க. உட்கார வைக்கிறது. முதல்ல இந்த வினையில ஒருத்தர் வைப்பார், இன்னொருத்தர் வைக்கப்படுவார். தானாப் போய் உட்கார்ற அர்த்தம் அப்புறம் வந்ததுதான்.

தமிழ்ல நமக்கு இது பிறவியிலேயே தெளிவா இருக்கு. அமர், அமர்த்து. நான் அமர்ந்தா என் இஷ்டம், என்னை அமர்த்தினா அடுத்தவன் இஷ்டம். வேலைக்கு ஆள் அமர்த்துறோம், குடியமர்த்துறோம், சில ஊர்ல விளக்கை அணைக்கிறதையும் அமர்த்துறதுன்னு சொல்வாங்க. அமர்தல்ல உட்கார்றதும் இருக்கு, அடங்கி அமைதியாகிறதும் இருக்கு. இங்கிலீஷ்காரன் ரெண்டு வார்த்தையைக் கலந்து சம்பாதிச்சது நம்மகிட்ட ஒரே வார்த்தையில இருக்கு. (ஆனா இலக்கியத்துல அமர்னா போர். தமிழ் வாத்தியாரைப் பார்த்தா இதைக் கேட்கணும்.)

இனி எங்க வீட்டு விஷயம். எங்க வீட்டுல இப்ப இந்த வார்த்தை மூணு பேர் வாயில மூணு அர்த்தத்துல ஓடிக்கிட்டு இருக்கு.

முதல் ஆள் கொத்தனார். 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 800 மில்லிமீட்டருக்கு மேல மழை கொட்டுச்சே, ஞாபகம் இருக்கா? நியூஸ்ல எல்லாம் வந்துச்சு. எங்களுக்கு அவலாஞ்சி பக்கத்து ஊர். அந்த மழைக்கு அப்புறம் எங்க வீட்டுப் பின் சுவத்துல ஜன்னல் மூலையிலேருந்து குறுக்கா ஒரு விரிசல். வந்து பார்த்த கொத்தனார் அண்ணன், "ஒண்ணும் இல்லைங்க, பில்டிங் செட்டில் ஆகுது"ன்னார். சிவில் படிக்கிற ஃப்ரெண்டு சொன்னா, அது சரியான டெக்னிக்கல் வார்த்தைதானாம். அடியில மண் இறங்கினா செட்டில்மென்ட். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இறங்கினா வீட்டுக்குப் பெருசா சேதம் இல்லை. ஒரு பக்கம் மட்டும் இறங்கினாத்தான் சுவர் கிழியும். இப்ப விரிசல் விரல் நுழையற அளவு இருக்கு. இன்னும் செட்டில் ஆகுதாம்.

ரெண்டாவது, பெரியப்பா. கூடலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்ல முப்பது வருஷத்துக்கு மேல மருந்தடிச்சும் கவாத்து வெட்டியும் 2018-ல ரிட்டயர் ஆனார். கிராஜுவிட்டி கணக்கை நான்தான் போட்டுக் கொடுத்தேன், அப்ப நான் ஸ்கூல். 1972-ஆம் வருஷச் சட்டத்துப்படி மாசத்துக்கு 26 நாள்னு வச்சு, ஒரு வருஷ வேலைக்கு 15 நாள் கூலி. எளிமையான கணக்குதான். பணம் வரலை. போய்க் கேட்டா, "வீட்டுச் சாவியை ஒப்படைங்க, செட்டில்மென்ட் தர்றோம்"னு பதில். லயன் வீடு எஸ்டேட்டோடது. இவருக்கு வேற வீடு இல்லை. வேற வீடு பார்க்க அந்த செட்டில்மென்ட் பணம் வேணும். செட்டில்மென்ட் வாங்க வீட்டை விடணும். எட்டு மாசம் இழுத்து, கடைசியில திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போற மகளோட ஒரு ரூம்ல போய் இருந்துக்கிட்டு சாவியைக் கொடுத்தார். ஃபைனல் செட்டில்மென்ட் வந்த அன்னைக்கு அவருக்கு நீலகிரியில ஒரு முகவரி இல்லை.

இது பெரியப்பா ஒருத்தர் கதை மட்டும் இல்லைங்கிறது எங்க பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும். டேன்டீயோட தேயிலை நிலத்துல 2,000 ஹெக்டேருக்கு மேல 2022-ல வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டப்ப, ரிட்டயர் ஆகப்போறவங்க எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, வீடு என்னாகும்ங்கிறதுதான்.

மூணாவது அப்பாயி. அவங்களுக்கு இப்ப ஒரே பிடிவாதம், வீட்டை என் பேருக்கு எழுதி வைக்கணும். உயில் எல்லாம் வேணாமாம், தான செட்டில்மென்ட்தான் வேணுமாம். யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க. சொன்னவங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்க. உயில்னா எழுதினவங்க காலத்துக்கு அப்புறம்தான் பலிக்கும், நடுவுல மாத்தியும் எழுதலாம். தான செட்டில்மென்ட் பதிவு பண்ணின அன்னைக்கே சொத்து கை மாறிடும். "நான் கண்ணால பாத்துட்டுப் போகணும்"ங்கிறாங்க. ஏன் எனக்குன்னு கேட்டா, "ஆம்பளைப் புள்ளைங்க எங்கேயாச்சும் செட்டில் ஆயிக்குவானுங்க. உன்னைய யாரும் எங்கயும் கொண்டு போயி உக்கார வைக்கக் கூடாது"ன்னாங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேட்கலை. எங்கம்மா அடுப்படிக்குள்ள போயிட்டாங்க.

பத்திரம் எழுதறவர்கிட்ட அப்பா போனார். அவர் முதல்ல கேட்டது பட்டா. எங்க வரிசையில இருக்கிற வீடு எதுக்கும் பட்டா கிடையாது. வீட்டு வரி ரசீது இருக்கு, கரண்ட் பில் இருக்கு, ரேஷன் கார்டு இருக்கு. நிலம் மட்டும் எங்க பேர்ல இல்லை. இருக்கிறது ஆக்கிரமிப்புன்னு வர்ற பி-மெமோதான். "பட்டா இல்லாம செட்டில்மென்ட் எப்படிங்க எழுதறது? உங்களுது இல்லாததைத் தானம் பண்ண முடியாதே"ன்னு பத்திரக்காரர் நல்ல விதமாத்தான் சொல்லி அனுப்பியிருக்கார். அதை அப்படியே அப்பாயிகிட்ட சொல்லிட்டார் அப்பா. ரெண்டு நாளைக்கு அவங்க யாரோடயும் பேசலை.

பட்டா கேட்டு மனு போடறதுன்னு முடிவாச்சு. எழுதினது நான்தான், வீட்டுல நல்ல கையெழுத்து என்னுது. 'எத்தனை ஆண்டுகளாகக் குடியிருக்கிறீர்கள், அதற்கான ஆதாரம்'னு எழுத வேண்டி வந்தப்ப அந்த 1931 சான்றிதழ் ஞாபகம் வந்துச்சு. அங்க அப்பாயியோட தாத்தாவுக்கு அஞ்சு வருஷம் இருந்தா போதும்னாங்க. நாங்க '1974 முதல்'னு எழுதினோம். ஆதாரம்னு ஃபேமிலி கார்டைக் கேட்டேன். அப்பாயி தகரப் பெட்டியிலேருந்து எடுத்துக் கொடுத்தாங்க. மடிச்ச இடமெல்லாம் கிழிஞ்சு செலோடேப் ஒட்டியிருக்கு. ஒரிஜினலைக் கொடுக்க மாட்டேன், நகல்தான்னு உறுதியாச் சொல்லிட்டாங்க. எமரால்டுல ஜெராக்ஸ் எடுத்தா எழுத்து தெரியலை, ஊட்டியில கலர் ஜெராக்ஸ் எடுக்கணும்.

வர்ற திங்கக்கிழமை அப்பாவோட போய் மனு கொடுக்கணும். அன்னைக்கு காலையில எனக்கு காஸ்ட் அக்கவுண்டிங் இன்டெர்னல் வேற. பதினொண்ணரைக்கு முடிஞ்சிரும், அதுக்கப்புறம் போகலாம்னு இருக்கோம். யார்கிட்டயாவது மார்ஜினல் காஸ்டிங் நோட்ஸ் இருந்தா சனிக்கிழமைக்குள்ள அனுப்புங்கப்பா, புண்ணியமாப் போகும்.